கூம்புச் சுரப்பியும் கொழுந்துக் கூடையும்

தமிழாசிரியன் ஒருவன் உடலியல் பற்றி எழுதப் புகுதல் வரம்பு கடந்த செயல் என்று எம் விஞ்ஞான ஆசிரியர்கள் எண்ணுதல் கூடும். ஆயின் மலைநாட்டிலே தமிழாசிரியன் என்பவன் தமிழை மட்டும் படிப்பிப்பவன் அல்லன். சேமலாப நிதிப் படிவம், பிறப்பத்தாட்சிப் பத்திரம், நீதிமன்றக் கட்டளை, வெளிநாட்டுப் பொதியிற் சுற்றி வரும் துண்டுத்தாள் ஆகிய யாவும் ஈற்றில் அவன் மேசைக்கே வந்து சேரும். எழுத்து எம்மொழியில் இருப்பினும், "மாஸ்டர் பார்த்துச் சொல்லட்டும்" என்பதே தோட்டத்து வழக்கு. சென்ற ஆண்டில் அவ்வாறு வந்த ஒரு பொதியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

அதனை அனுப்பியவன் என் பழைய மாணாக்கன். யான் ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிதில் என்னிடம் கற்றவன். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்திற் பிறந்து வளர்ந்து, இன்று கடல் கடந்த நாடொன்றில் வதிகின்றான். பொதியினுள்ளே வெண்பொடி அடங்கிய பத்துக் கண்ணாடிக் குப்பிகள் இருந்தன. மேலே 'எப்பித்தலோன்' என்று ஆங்கிலத்திற் பெயர். அதன் கீழே, கண்ணாடி அணிந்தாலன்றிப் புலப்படாத எழுத்தில், 'ஆராய்ச்சிக்கு மட்டும். மனிதர் பாவனைக்கன்று' என்னும் பொருள்பட ஒரு வரி. வந்ததோ ஆய்வுகூடத்துக்கன்று, அவனுடைய தாய்க்கு. குளிரில் வைக்கவேண்டுமென்று எழுதியிருந்தது. அவள் வீட்டிற் குளிர்பெட்டி இல்லை. ஆகவே குப்பிகள் என் வீட்டுக் குளிர்பெட்டியிலே, முட்டைக்கும் தயிர்ச்சட்டிக்கும் நடுவே இடம்பெற்றன.

அன்றிரவே தொலைபேசியில் அழைத்தான். "சேர், இது வயதைத் தள்ளிப்போடும் ஊசி. ருசிய நாட்டிலே கண்டுபிடித்தது. நீங்கள் படிப்பித்த நெல்லிக்கனி மாதிரித்தான். அம்மாவுக்குப் போடலாமா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றான். செல்வம் மிகுந்தவர் விளையாட்டு இது என்று முதலில் எண்ணினேன். அவன் தொடர்ந்து கூறியது அவ்வெண்ணத்தைப் போக்கியது. தந்தை இறந்தபோது அவனால் வர இயலவில்லை. அந்நாட்டில் வதிவதற்கான பத்திரம் இன்னும் கிடைக்கவில்லை. வெளியேறினால் மீளப் புகுதல் அரிது. "இன்னும் ஐந்து வருஷம் அம்மா இருந்தாற் போதும், சேர். அதற்குள்ளே பத்திரம் வந்துவிடும்" என்றான். அவன் வேண்டியது சாவாமை அன்று; ஐந்தாண்டு. அவ்வாறு கேட்பவனுக்குச் சிரித்து விடையிறுத்தல் ஆகாது. எங்கள் உயிரியல் ஆசிரியரை அணுகினேன். அவரும் யானும் இரண்டு சனிக்கிழமைகள் அமர்ந்து, அவர் ஆய்வுரைகளைப் படித்துப் பொருள் கூற, யான் கொப்பியிற் குறித்துக்கொண்டேன். அவற்றுள் இம்மலரைப் படிக்கும் மாணவர்க்கும் பயன்படுவன சிலவற்றைத் தருகின்றேன்.

மூளையின் நடுவே நெல்மணியளவான சுரப்பி ஒன்றுண்டு. பைன் மரத்துக் காயின் வடிவை ஒத்ததாகையால் மேனாட்டார் அதனைப் பீனியல் என்றனர். தமிழிற் கூம்புச் சுரப்பி என்கின்றோம். பதினேழாம் நூற்றாண்டிலே பிரெஞ்சு ஞானி தேக்கார்த்து, ஆன்மாவின் இருக்கை அதுவே என்று கருதினார். அதன் தொழில் தெளிவாகத் தொடங்கியது 1958இலேதான். அவ்வாண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து ஆரன் லேர்னர் என்பார், மாடுகளின் கூம்புச் சுரப்பிகளைப் பெருந்தொகையாகச் சேர்த்து, அவற்றினின்று மெலற்றோனின் என்னும் ஓமோனைப் பிரித்தெடுத்தார். இருள் சூழ்ந்ததும் இச்சுரப்பி மெலற்றோனினைச் சுரக்கும். கண்ணில் ஒளி பட்டால் அடங்கும். உடலின் உள்ளேயிருந்து இரவை அறிவிக்கும் சாமக்காவலன் அது எனலாம். வயது ஏற ஏற அச்சுரப்புக் குறைகின்றது.

1970களிலே, அன்று லெனின்கிராட் எனப்பட்ட நகரின் இராணுவ வைத்தியக் கழகத்தில், விளாதிமிர் காவின்சன் என்பாரும் அவர்தம் தோழரும் கன்றுகளின் கூம்புச் சுரப்பியிலிருந்து ஒரு சாரம் வடித்தனர். அதற்கு எப்பித்தலமின் என்று பெயரிட்டனர். சாரத்தின் அமைப்பை ஆராய்ந்து, பின்னர் ஆய்வுகூடத்திலேயே செயற்கையாய் அமைத்த சிறு சங்கிலிதான் எப்பித்தலோன். அலனின், குளுத்தாமிக்கமிலம், அசுப்பாற்றிக்கமிலம், கிளைசின் என்னும் நான்கு அமினோ அமிலங்கள் அதில் வரிசையாய்க் கோக்கப்பட்டுள்ளன. இத்தகைய சங்கிலியைப் பெப்தைட்டு என்பர். நீரிழிவு நோயாளர் ஏற்றிக்கொள்ளும் இன்சுலினில் அமினோ அமிலங்கள் 51. இதிலோ நாலே நாலு. யாப்பிலக்கணம் கற்றவன் கண்ணுக்கு இது ஒரு நாற்சீரடி. இவ்வளவு சிறியதொன்று இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்யுமோ என்ற ஐயம் எனக்கு முதலிலேயே எழுந்தது. உயிரியல் ஆசிரியர், சிறுமையை மட்டும் காட்டி ஒன்றை மறுத்தல் முறையன்று என்றார். அது நியாயமே.

2003இல் வெளியான சுண்டெலி ஆய்வு முக்கியமானது. அனிசிமோவ், காவின்சன் முதலியோர் பெண் சுண்டெலிகளுக்கு மூன்று மாத வயது தொடங்கி, மாதந்தோறும் ஐந்து நாள், அவை இயல்பாக இறக்கும்வரை எப்பித்தலோனை ஏற்றினர். வேறொரு கூட்டத்துக்கு உப்புநீர் மட்டும் ஏற்றினர். இரத்தப் புற்றுநோய் ஆறிலொன்றாகக் குறைந்தது. பிற கட்டிகளையும் சேர்த்துப் பார்த்தால் மொத்தத்தில் மாற்றமில்லை. மிக நீண்டகாலம் வாழ்ந்த எலியின் ஆயுள் நூற்றுக்கு 12.3 பங்கு கூடிற்று. ஈற்றில் எஞ்சிய பத்திலொரு பங்கினவற்றின் ஆயுள் நூற்றுக்கு 13.3 பங்கு கூடிற்று. ஆயின் சராசரி ஆயுள் கூடவில்லை.

இவ்வீற்று வாக்கியத்தை உயிரியல் ஆசிரியர் இருமுறை படித்தார். விற்பனையாளர் தாள்களில் முன்னைய எண்கள் பெரிதாய் நிற்கும், இவ்வாக்கியம் நிற்பதில்லை. மாணவர்க்கு விளங்கும்படி கூறுவதாயின், நூறு எலிகள் வரிசையாய் நிற்கின்றனவென்று கொள்வோம். வரிசையின் பெரும்பகுதிக்கு ஊசி ஏற்றியதும் ஏற்றாததும் ஏறத்தாழ ஒன்றே. கடைசியில் நின்ற பத்து மட்டும், எப்படியும் நெடுநாள் வாழ இருந்தவை, மேலும் சில நாள் வாழ்ந்தன. முதலிற் சாய்ந்தவற்றுக்கு ஊசி எதுவும் செய்திலது. இவ்வேறுபாடு என் மனத்திற் பதிந்துவிட்டது. ஏனென்பதைப் பின்னே கூறுவேன்.

பிற சான்றுகளும் உள. எமது உடலின் கலங்கள் எல்லையின்றிப் பிரிவதில்லை என்பதை 1961இல் எயிபிளிக்கு, மூர்கெட்டு என்னும் இரு அமெரிக்கர் காட்டினர். நிறமூர்த்தங்களின் முனைகளிலுள்ள தெலோமியர் என்னும் பகுதி பிரிவுதோறும் தேய்வதே இதற்கொரு காரணம். சப்பாத்துக் கயிற்றின் நுனித்தகடு தேய்வதுபோல. அதனை மீளக் கட்டும் நொதியம் தெலோமரேசு. இத்துறைக் கண்டுபிடிப்புகளுக்கு 2009இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. காவின்சன் குழுவினர் 2003இலும் 2004இலும், ஆய்வுகூடத் தட்டில் வளர்த்த மனிதக் கலங்களில் எப்பித்தலோன் அந்நொதியத்தை எழுப்பியதாகவும், 34ஆம் தலைமுறையில் ஓயவேண்டிய கலங்கள் 44 வரை சென்றதாகவும் எழுதினர். வயது முதிர்ந்த குரங்குகளில் மாலைநேர மெலற்றோனின் மீளப் பெருகியதென்றும் செய்தி உண்டு. முதியோர் 266 பேரை ஆறு முதல் எட்டாண்டு கண்காணித்து, இறப்புக் குறைந்ததென்று 2003இல் அறிவித்தனர். ஆயின் அம்முதியோர்க்குக் கொடுத்தது கன்றின் சுரப்பிச்சாரமும் அதனையொத்த வேறொரு சாரமுமேயன்றி, என் குளிர்பெட்டியில் இருந்த வெண்பொடி அன்று. இவையனைத்தையும் செய்தோர் பெரும்பாலும் ஒரே குழுவினரும் அவர்தம் கூட்டாளிகளுமே. வீட்டுக்காரரே விருந்தைப் புகழ்ந்தால் அயலாரும் ஒரு பிடி உண்டு பார்க்கவேண்டுமன்றோ? 2025இல் இலண்டனின் புரூணெல் பல்கலைக்கழகத்தார் கலங்களில் ஆய்ந்து, தெலோமியர் நீண்டதைத் தாமும் கண்டனர். ஆயின் இயல்பான கலங்களில் மட்டுமன்று. மார்புப் புற்றுநோய்க் கலங்களிலும் வேறொரு வழியால் நீண்டதைக் கண்டனர். சாகாத கலம் எப்போதும் நல்ல கலமாகிவிடாது. புற்றுநோய்க் கலத்தின் குற்றமே அது சாக மறுப்பதுதான் என்றார் நண்பர்.

காவின்சன் 1992 தொடங்கிச் சென். பீற்றர்ஸ்பேர்க்கில் இதற்கென ஒரு நிறுவகத்தை நடத்தி, 2024 ஜனவரியில் தமது 77ஆம் வயதிற் காலமானார். இதனை எள்ளலாகக் கூறினேனல்லன். அரை நூற்றாண்டு ஒரு நெல்மணியளவான சுரப்பியின் பின்னே சென்றவரை மதியாதிருத்தல் எளிதன்று.

இனி என் பாடத்துக்கு வருகின்றேன். மாணாக்கன் நெல்லிக்கனியைச் சுட்டினானன்றோ? தகடூர் அதியமான் பெறற்கரிய நெல்லிக்கனியைப் பெற்று, தான் உண்ணாது ஔவைக்கு ஈந்ததைப் புறநானூற்றின் 91ஆம் பாட்டுப் பேசுகின்றது. திருமூலர் மூவாயிரம் ஆண்டு வாழ்ந்து ஆண்டுக்கொரு பாட்டாகத் திருமந்திரம் பாடினார் என்பது ஐதிகம். சித்தர்கள் காயகற்பம் என்றொரு துறையே வகுத்து, நரை திரை மூப்பு நீங்கக் கருநெல்லி முதலியவற்றை விதித்தனர். ஆகவே வெள்ளைப் பொடியைக் கண்டு வியக்குமளவுக்கு நாம் இவ்வாசைக்குப் புதியவர் அல்லேம். நெல்லியும் எமக்கு அயல் மரமன்று. ஊவாவின் உலர் பத்தனைப் புல்வெளிகளிலே அது தானாய் வளர்கின்றது. பிபிலைக்கு அப்பால் நில்கலக் காட்டிலே கடுக்காய், தான்றி, நெல்லி ஆகிய மூன்றும் ஒருங்கே நிற்கும். திரிபலைச் சூரணம் முழுவதும் ஒரே காட்டில் உண்டு என்று மாணவர்க்குச் சொல்வது என் வழக்கம்.

இப்பாடத்தை நடத்துந்தோறும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "சேர், அதைச் சாப்பிட்ட ஔவை எத்தனை வயசு இருந்தா?" என்று எழும். விடை இல்லை. ஔவை என்ற பெயரில் வெவ்வேறு காலத்திற் புலவர் பலர் வாழ்ந்தனர் என்பர் ஆராய்ச்சியாளர். கனியின் பயனை எவரும் அளந்து எழுதிவைத்திலர். பாட்டிலே நிற்பது கொடுத்த செய்திதான். என் மாணாக்கனும் இப்பாட்டை அவ்வாறே நினைவில் வைத்திருந்தான் என்று தோன்றுகின்றது. அவனுக்கு இரசாயனம் தெரியாது. தனக்கு வாங்காமல் தாய்க்கு வாங்கத் தெரிந்திருந்தது.

அத்தாயைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனேன். ஊசி ஏற்றப்படவேண்டியவள் அவளாகையால் அவளைக் கேளாது முடிவு செய்தல் தகாது. வயதைக் கேட்டேன். "அடையாள அட்டையில ஒண்ணு இருக்குங்கய்யா. சேமலாபப் பொஸ்தகத்தில வேற ஒண்ணு. எங்காத்தா சொன்னது ரெண்டுமில்ல" என்றாள். பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் எழுதிய காலத்தில் தான் கைக்குழந்தை என்று தாய் சொன்னாளாம். 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்தின்கீழ் 1951 வரை விண்ணப்பம் ஏற்றார்கள். ஆகவே அவள் அவ்விரண்டாண்டுக்குள் எப்பொழுதோ பிறந்திருத்தல் வேண்டும். சுண்டெலியின் ஆயுளை நாட்கணக்கில் எண்ணுகின்றார்கள். இவளுடைய ஆயுளுக்குத் தொடக்க நாளே இல்லை.

ஆயின் பிற எண்ணிக்கைகள் அவளிடம் பிசகாதிருந்தன. பன்னிரண்டு வயதில் கொந்தரப்பு வேலைக்கு ஆத்தாவோடு மலையேறியது. பெயர் பதிந்து முழுப்பேர் போட்டது. பிரட்டுக்களத்தில் தப்பு ஒலிக்கும்முன் எழுந்து, இருட்டில் குப்பி விளக்கோடு ரொட்டி தட்டியது. வேலையினின்று ஓய்ந்து ஆண்டுகள் பல ஆகியும் இன்றும் நாலு மணிக்கே விழிப்பு வந்துவிடுகின்றதாம். "தப்பு எனக்குள்ளயே அடிக்குதுங்கய்யா" என்றாள். கூம்புச் சுரப்பி பற்றி இரண்டு சனிக்கிழமைகளிற் கற்றதை இவள் ஒரு வாக்கியத்திற் சொல்லிவிட்டாள் என்று எண்ணிக்கொண்டேன்.

பிள்ளைகள் ஆறு, இருப்பவர் மூவர். தலைப்பிள்ளை பஞ்சத்தில் போயிற்று. பஞ்சம் என்று தோட்டத்தார் சொன்னால் அது 1974. அரிசியும் மாவும் அரிதாகி, மரவள்ளியும் இலைகுழையும் தின்று மக்கள் நலிந்த ஆண்டு. தோட்டங்களில் இறப்பு வீதம் உயர்ந்ததை அரசாங்கக் கணக்குகளும் காட்டும். அப்பிள்ளைக்கு இரண்டு வயது. மற்றிருவர் பிறந்த கிழமைக்குள்ளேயே போயினர். கடைக்குட்டிதான் குப்பி அனுப்பியவன்.

சுண்டெலி வரிசை அப்பொழுது என் நினைவுக்கு வந்தது. எம் நாட்டில் ஆயிரம் பேருக்கு 1946இல் 20.2 ஆக இருந்த இறப்பு வீதம் 1947இல் 14.3 ஆக இறங்கிற்று. மலேரியா ஒழிப்பும் வைத்தியசாலைகளும் உணவும் சேர்ந்து செய்த வேலை. வெல்லச பிபிலைப் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாய் மக்களைக் கொன்ற அந்நோய் இன்று இல்லை. 2016இல் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்று வழங்கிற்று. அவை யாவும் வரிசையின் முன்னே நின்றோரைக் காத்தவை. தோட்டத்து லயங்களுக்கு அந்நலங்கள் பிந்தியும் குறைந்துமே வந்தன. இவள் பெற்ற ஆறில் மூன்று வரிசையின் முன்பகுதியிலேயே சாய்ந்தன. இவளோ, இத்தனைக்கும் தப்பி, கடைசிப் பத்திலே வந்து நிற்கின்றாள். அவளுக்கென்று வந்திருப்பது கடைசிப் பத்துக்குரிய மருந்து.

ஊசியின் கதையை இயன்றவரை விளக்கினேன். கவனமாய்க் கேட்டாள்.

"எலிக்குப் போட்டுப் பாத்தாங்களா?"

"ஆம், பெரியம்மா."

"எலி எத்தன வருசம் இருக்குமுங்க?"

"பொதுவாக இரண்டு மூன்று வருஷம்."

"எவ்வளவு கூடிச்சாம்?"

நூற்றுக்குப் பதின்மூன்று, அதுவும் கடைசியாய் நின்றவற்றுக்கு மட்டும் என்றேன். அவள் சிரித்தாள். "நூத்துக்குப் பதிமூணா? எங்க கொழுந்தில கூடைக்கும் தண்ணிக்கும் கழிச்சது அதுக்கு மேல இருக்குமுங்கய்யா" என்றாள். நாற்பதாண்டு தராசின் முன் நின்றவளுக்கு நூற்றுவீதம் எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

பின்னர்ச் சிரிப்பு நின்றது. "அவன் ஏன் இத வாங்கினான்னு எனக்குத் தெரியும். அப்பாவுக்குக் கொள்ளி வைக்க வரமுடியல. அதான்" என்றாள். யான் ஒன்றும் கூறவில்லை.

விடைபெறுமுன், வேறு மருந்து ஏதேனும் எடுக்கின்றாளோ என்று வினவினேன். தகரப் பெட்டியிலிருந்து கிளினிக் கொப்பியை எடுத்துத் தந்தாள். இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாதந்தோறும் குளிசை வாங்கவேண்டியவள், அவ்வாண்டில் நாலு மாதம் போகவில்லை. முழங்கால் நோவு, சந்திக்கு நடந்துவந்து பஸ் பிடிக்கத் துணையில்லை. குளிசைகளைப் பாதியாய் உடைத்து நாட்களை நீட்டியிருக்கின்றாள். கடல் கடந்து குளிரூட்டி வந்த குப்பிகள் என் வீட்டில்; பதுளை வைத்தியசாலையில் இலவசமாய்க் கிடைக்கும் குளிசை அவள் கையிற் பாதி. எனக்குச் சினம் வந்தது. எவர்மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

அடுத்த கிளினிக் நாளில் முச்சக்கரவண்டி ஒன்று பேசி, யானும் உடன்சென்றேன். குப்பியொன்றையும் எடுத்துப்போய் வைத்தியரிடம் காட்டினேன். இளைஞர், பொறுமையுள்ளவர். எழுத்தைப் படித்துவிட்டு, இந்நாட்டிற் பதிவு பெறாத இம்மருந்தைத் தாம் ஏற்றமாட்டாரென்றும், குப்பியினுள் எழுதியபடிதான் உள்ளதென்பதற்கே உறுதியில்லை என்றும் கூறினார். பின்னர் அதனை ஒருபுறம் வைத்து, அவளுடைய இரத்த அழுத்தத்தை மும்முறை பார்த்தார். எண் உயர்ந்திருந்தது. குளிசையை மாற்றி எழுதி, உடைத்து உண்ணலாகாதென்று அவளிடம் தமிழிலேயே சொன்னார்.

மாணாக்கனுக்குத் தொலைபேசியிற் சொல்லாது கடிதம் எழுதினேன். சில செய்திகள் மீண்டும் படிக்கத்தக்கவாறு இருத்தல் நன்று. எலியின் சராசரியையும், புற்றுநோய்க் கலத்தையும், வைத்தியர் சொல்லையும், தாய் சொன்ன கூடைக் கணக்கையும் ஒளியாது எழுதினேன். இரத்த அழுத்தத்தின் எண்ணையும் எழுதினேன். ஒரு கிழமை மறுமொழி இல்லை. பின்பு அழைத்து, கிளினிக் எந்தத் திகதி என்று மட்டும் கேட்டான். முச்சக்கரவண்டிக்காரனோடு அவனே பேசி, மாதப் பணத்துக்கு ஒழுங்கு செய்துவிட்டான்.

குப்பிகள் எங்கள் உயிரியல் ஆசிரியரின் ஆய்வுகூட அலுமாரியில் உள்ளன. அவற்றின் மேல் எழுதியபடியே. கிளினிக்குக்கு முதல்நாள் மாலையில் மகன் தாயை அழைக்கின்றான். அவள் கொப்பியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து எண்களைப் படிப்பிக்கின்றாள். சென்ற மாதம் 150இலிருந்து 140க்கு இறங்கியிருந்தது. பத்திரம் இன்னும் வரவில்லை.